பால்ரஸ் குண்டு எங்கிருந்து வேகம் எடுக்கிறது?

வணக்கம்.

கொழிஞ்சாம்பாறையில் தமிழ் மீடியம் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். சாஸ்திர மேளாவுக்காக (பள்ளி அறிவியல் கண்காட்சி) பிள்ளைகள் ‘காஸ் கன்’ செய்தார்கள். காந்தத்தின் இந்தப் பக்கம் ஒரு இரும்புக் குண்டை மெல்ல உருட்டிவிட்டால், அந்தப் பக்கம் ஒட்டியிருக்கும் குண்டு பறக்க வேண்டுமாம். எங்களுடையது அசையவே இல்லை. யூடியூபில் காயில் கன், ரெயில் கன் என்றும் காட்டுகிறார்கள். எல்லாம் ஒன்றுதானா? காந்தம் சும்மாவே சக்தி கொடுக்கிறது என்று ஒரு பையன் வேறு சாதிக்கிறான்.

ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

அந்தப் பக்கம் ஒரே ஒரு குண்டுதான் வைத்தீர்களா? பெரும்பாலும் கோளாறு அங்கேதான். இரண்டு வையுங்கள். காந்தத்தைத் தொட்டு நிற்கும் குண்டை அது விடாது. இரண்டாவது குண்டு ஒரு குண்டளவு தள்ளி நிற்பதால் அதன் மேல் பிடி தளர்வு. உருண்டு வருவதோ காந்தத்தை முட்டும்வரை வேகம் கூடிக்கொண்டே வரும். அந்த இடி காந்தம் வழியாகக் கடந்து கடைசிக் குண்டைத் தள்ளிவிடும்.

சைக்கிள் பின்சக்கரத்துக் கால் அங்குல பால்ரஸ் குண்டு போதும். எல்லாம் ஒரே அளவாக இருக்கட்டும். இரண்டு மர ஸ்கேலை இடைவெளி விட்டு அட்டையில் ஒட்டினால் ஓடுபாதை தயார். ஸ்டீல் ஸ்கேல் வேண்டாம், காந்தம் அதையே பிடித்துக்கொள்ளும். நியோடைமியம் என்னும் பலமான காந்தத்தின் நடுவும் குண்டின் நடுவும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். டேப்பை இறுக்கிச் சுற்றுங்கள்; காந்தம் நகர்ந்தால் இடியின் பாதி அதற்கே போய்விடும். இன்னும் வேகம் வேண்டுமானால் அடுத்த காந்தத்தை மூன்று நான்கு அங்குலம் தள்ளி வையுங்கள். நான்கு காந்தம் வைத்தால் ஆற்றல் நான்கு மடங்கு, வேகம் இரண்டு மடங்குதான்.

பையனிடம் வாதாட வேண்டாம். சுட்டு முடித்ததும் காந்தத்தில் ஒட்டிக்கிடக்கும் குண்டைப் பிய்த்து, பழைய இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். பறந்த குண்டின் ஆற்றலுக்கான விலையை அவன் விரல்தான் கட்டுகிறது.

காயில் கன்னில் நிலைக்காந்தம் கிடையாது. கரண்ட் பாயும் கம்பிச்சுருள் இரும்பைத் தன் நடுவுக்கு இழுக்கிறது. வீட்டு ‘டிங்-டாங்’ பெல்லும் இதேதான்: பட்டனை அமுக்கினால் இரும்புத் தண்டு உள்ளே பாய்ந்து ஒரு தகட்டில் ‘டிங்’, விட்டால் ஸ்பிரிங் திருப்பியடித்து ‘டாங்’. சூட்சுமம் கரண்டை எப்போது நிறுத்துவது என்பதில் இருக்கிறது. தண்டு நடுவைத் தாண்டிய பிறகும் கரண்ட் ஓடினால் சுருள் அதைப் பின்னால் இழுக்கும். மோட்டார் காயில் கட்டும் கடையில் 26 கேஜ் எனாமல் கம்பி வாங்கி, பால்பாயிண்ட் பேனாக் குழாயில் 200 சுற்று சுற்றி, ஆணியைப் பாதி நுழைத்து, இரண்டு டார்ச் செல்லை ஒரு நொடி தொட்டுக் காட்டுங்கள். தொட்டபடியே பிடித்தால் சுருள் சுடும். கேமரா ஃபிளாஷ் கெப்பாசிட்டரைப் பிடுங்கிச் செய்யும் வீடியோக்களைப் பிள்ளைகள் பக்கமே விடாதீர்கள். அதில் 300 வோல்ட் நிற்கும், செல்லைக் கழற்றிய பிறகும்.

பெரிய அளவில் காயில் கன்னை முயன்றவர் நார்வே விஞ்ஞானி பிர்க்லாண்ட். 1903-ல் மேடையில் காட்டும்போது ஷார்ட் சர்க்யூட் ஆகிப் பெரிய தீப்பொறி வில்தான் மிஞ்சியது. அந்த வில்லையே காற்றின் நைட்ரஜனைப் பிடித்து உரமாக்கப் பிறகு பயன்படுத்திக்கொண்டார்!

ரெயில் கன் சாதியே வேறு. அதில் சுருளும் இல்லை, குண்டு இரும்பாக இருக்கவும் வேண்டாம். இரண்டு தண்டவாளம், நடுவில் குறுக்கே ஓர் அலுமினியத் துண்டு. ஒன்றில் போன கரண்ட் துண்டு வழியாக மற்றதில் திரும்பும்போது, அதே கரண்ட் உண்டாக்கும் காந்தப்புலம் துண்டை வெளியே தள்ளுகிறது. விசை கரண்டின் வர்க்கத்தில் ஏறும். சாதாரண அமைப்பில் 10 லட்சம் ஆம்பியருக்குச் சுமார் 25 டன் எடையளவு உந்தல். டார்ச் செல்லின் 2 ஆம்பியருக்கு ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு எடையளவு. இது மேளாவுக்கு ஆகாது என்பது இதிலேயே தெரியும். தண்டவாளங்களும் ஒன்றையொன்று விலக்கித் தள்ளும், உரசலிலும் சூட்டிலும் உருகி அரிக்கும். அமெரிக்கக் கடற்படை 2010-ல் 33 மெகாஜூல் ஆற்றல் வரை சுட்டுப் பார்த்து, 2021-ல் திட்டத்தையே நிறுத்தியது. ஜப்பான் 2023-ல் கப்பலிலிருந்து சுட்டுப் பார்த்தது.

மேளா மேசையில் ஓடுபாதையின் முடிவில் துணி அடைத்த டப்பா வையுங்கள். நியோடைமியம் கண்ணாடிபோலச் சில்லுச் சில்லாக உடையும், அதனால் கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். காந்தங்களை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள்: சின்னப் பிள்ளை இரண்டை விழுங்கிவிட்டால் குடலை நடுவில் வைத்து அவை ஒட்டிக்கொள்ளும். உடனே ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும்.