அமெரிக்காவில் சார்ட்டர் பள்ளியையும் அந்தப் பகுதியின் பொருளாதார வளர்ச்சியையும் சேர்த்தே நடத்தும் தொண்டு நிறுவனங்கள் உண்மையில் பலன் தருகின்றனவா?

அப்படி ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேரலாமா என்று யோசிப்பதாகவும் கேள்வியில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு இடத்தை வைத்தே பதில் சொல்கிறேன். அட்லாண்டாவின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் ஈஸ்ட் லேக். நான் குடியிருப்பது அதை ஒட்டிய டிகேட்டரில். அந்தத் தெருக்கள் எனக்குப் பழக்கம்.

அந்த இடத்துக்குப் பலன் கிடைத்திருக்கிறது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அங்கே முன்பு குடியிருந்த மனிதர்களுக்கு அந்தப் பலனில் எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று பார்த்தால் பதில் அவ்வளவு தெளிவாக இல்லை. இதுபோன்ற எந்த நிறுவனத்தையும் இந்த இரண்டாவது கணக்கை வைத்துத்தான் எடைபோட வேண்டும் என்பது என் கருத்து.

பள்ளியையும் வீட்டையும் வேலையையும் ஏன் ஒரே அமைப்பு கையில் எடுக்க வேண்டும்? இங்கே அரசுப் பள்ளிக்கு வரும் பணத்தில் கணிசமான பங்கு உள்ளூர்ச் சொத்து வரி. பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போகும் என்பதைப் பெரும்பாலும் வீட்டு முகவரிதான் முடிவு செய்கிறது. பள்ளி நன்றாக இருந்தால் வீட்டு விலை ஏறும், வரி ஏறும், பள்ளிக்கு இன்னும் பணம் வரும். பள்ளி மோசமானால் வசதி உள்ளவர் முதலில் வீட்டை விற்றுவிட்டுக் கிளம்புவார், அவர் பின்னாலேயே கடையும் வங்கியும் போய்விடும். இதில் ஒன்றை மட்டும் சரிசெய்தால் மற்றது அதைக் கீழே இழுத்துவிடும். அதனால்தான் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொட வேண்டும் என்ற எண்ணம் பலருக்கு வந்தது.

சார்ட்டர் பள்ளி என்றால் தனியார் பள்ளி அல்ல. அரசுப் பணத்தில், கட்டணம் இல்லாமல், ஒரு ஒப்பந்தத்தின் பேரில் தனி அமைப்பு நடத்துவது. 1991-ல் மின்னசோட்டா மாநிலம்தான் இதற்கு முதலில் சட்டம் போட்டது. நம் ஊர் அரசு உதவி பெறும் பள்ளி நினைவுக்கு வரலாம். ஆனால் இங்கே மாணவர்களின் தேர்ச்சி சரியில்லை என்றால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் மூடிவிடலாம். இருக்கும் இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல் போடுவார்கள். அந்தக் குலுக்கலில் யாருக்கு முன்னுரிமை என்பது பெரிய விஷயம், அதற்குப் பிறகு வருகிறேன்.

ஈஸ்ட் லேக்கில் ஒரு பழைய கோல்ஃப் கிளப் இருக்கிறது. உலகப் புகழ் பெற்ற பாபி ஜோன்ஸ் சிறுவனாக விளையாடக் கற்ற இடம். கிளப் தன் இரண்டாவது மைதானத்தை 1960களில் விற்றது. அந்த நிலத்தில் 1970களின் தொடக்கத்தில் ஈஸ்ட் லேக் மெடோஸ் என்ற பெயரில் 650 வீடுகள் கொண்ட அரசு வாடகைக் குடியிருப்பு எழுந்தது. கட்டுமானம் தொடக்கத்திலிருந்தே மோசம். சுற்றியிருந்த வெள்ளையர்கள் புறநகருக்குப் போய்விட்டார்கள், போதைமருந்து வந்தது, ‘லிட்டில் வியட்நாம்’ என்று ஊரே பெயர் வைக்கும் அளவுக்குத் துப்பாக்கிச் சத்தம். 1990களில் அங்கே குற்ற விகிதம் தேசிய சராசரியைப் போல 18 மடங்கு என்றும், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் மாநிலக் கணிதத் தரத்தை எட்டியவர்கள் 5 சதவீதம் மட்டுமே என்றும் பின்னாளில் அங்கே வந்த அறக்கட்டளை சொல்கிறது.

அந்த நரகத்திலும் ஒரு பெண் விடாமல் போராடிக்கொண்டிருந்தார். குடியிருப்போர் சங்கத் தலைவர் ஈவா டேவிஸ். ஈஸ்ட் லேக் கதையைச் சொல்பவர்கள் பணக்காரரிடமிருந்து தொடங்குவார்கள், எனக்கு அது பிடிக்காது. அந்த மக்களுக்காகப் பேச அந்தப் பணம் வருவதற்குப் பல வருடங்கள் முன்பிருந்தே ஒருவர் இருந்தார்.

பணம் வந்தது டாம் கசின்ஸிடமிருந்து. அட்லாண்டாவின் பெரிய கட்டட அதிபர், 1968-ல் ஹாக்ஸ் கூடைப்பந்து அணியை இந்த நகரத்துக்குக் கொண்டுவந்தவர். நியூயார்க் சிறைகளில் இருப்பவர்களில் பெரும்பாலோர் அந்த நகரத்தின் எட்டே எட்டு பகுதிகளிலிருந்து வருகிறார்கள் என்று ஒரு செய்தியைப் படித்தது தன்னை உலுக்கியதாக அவர் சொல்லியிருக்கிறார். 1993-ல் அவருடைய குடும்ப அறக்கட்டளை நொடித்துக் கிடந்த கோல்ஃப் கிளப்பை வாங்கியது. 1995-ல் ஈஸ்ட் லேக் ஃபவுண்டேஷன் தொடங்கியது. நகர வீட்டுவசதி அமைப்பின் தலைவராக இருந்த ரெனே குளோவர் கைகோத்தார். பழைய குடியிருப்பை இடித்துவிட்டு 542 வீடுகள் கட்டினார்கள். அதில் பாதி அரசு உதவி பெறும் குடும்பங்களுக்கு, மீதி சந்தை வாடகைக்கு. அடுத்தடுத்த கதவுகள், எது உதவி வீடு, எது முழு வாடகை வீடு என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

2000-ல் டிரூ சார்ட்டர் பள்ளி திறந்தது. அட்லாண்டா நகரின் முதல் சார்ட்டர் பள்ளி அதுதான். பெரிய அளவில் ரத்த வங்கிகள் இயங்க வழிசெய்த கறுப்பின மருத்துவர் சார்லஸ் டிரூவின் பெயர். முதலில் தேர்ச்சியில் நகரத்தின் கடைசி வரிசையில் கிடந்தது. நிர்வாகம் கைமாறி, படிப்படியாக மேலே வந்து, உயர்நிலை வகுப்புகள் சேர்ந்து, 2017-ல் முதல் மாணவர் தொகுதி பள்ளிப் படிப்பை முடித்து வெளியே வந்தது. ஒரு பள்ளி நிமிர்வதற்கு எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதை இந்த ஆண்டுகளை வைத்தே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். மூன்றாண்டுத் திட்டம், ஐந்தாண்டுத் திட்டம் என்று வருபவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

இத்தனை வருடம் தாக்குப்பிடிக்கப் பணம் எங்கிருந்து வந்தது? கோல்ஃபிலிருந்துதான். கிளப்பில் உறுப்பினராகும் நிறுவனங்களிடம் அறக்கட்டளைக்கு இரண்டு லட்சம் டாலர் நன்கொடை கேட்டார்கள். டூர் சாம்பியன்ஷிப் என்ற பெரிய தொழில்முறை கோல்ஃப் போட்டி வருடாவருடம் அங்கேயே நடக்கத் தொடங்கியதும் அதன் வருமானத்திலும் ஒரு பங்கு. மைதானத்தின் பச்சைப் புல்லைத் தொலைக்காட்சியில் பார்ப்பவருக்கு, சாலைக்கு அந்தப் பக்கம் மழலையர் பள்ளி நடப்பதற்கும் அதற்கும் உள்ள தொடர்பு தெரியாது. பள்ளியில் சின்ன வகுப்பிலிருந்தே கோல்ஃப் சொல்லிக்கொடுக்கிறார்கள். 2019-ல் டிரூ மாணவர் அணி ஜார்ஜியா மாநிலப் பட்டம் வென்றது. முழுக்கக் கறுப்பின மாணவர்களே கொண்ட அணி அந்தப் பட்டத்தை வென்றது அதுவே முதல்முறை. அவர்களுடைய தாத்தா காலத்தில் கறுப்பினத்தவர் இதுபோன்ற கிளப்புகளில் மட்டைப் பை சுமக்கத்தான் உள்ளே போக முடியும். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு மனசு நிறைந்துபோனது.

பொருளாதார வளர்ச்சி என்று சொன்னதும் தொழிற்சாலை வருமா என்று கேட்பார்கள். வராது. இங்கே நடந்தது சின்னச் சின்ன வேலை. எமரி பல்கலைக்கழகத்தின் வணிகப் பள்ளியோடு சேர்ந்து ‘ஸ்டார்ட் மீ’ என்ற பயிற்சி நடக்கிறது. வீட்டில் கேக் செய்து விற்பவர், முடி அலங்காரம் செய்பவர், சமையல் ஆர்டர் எடுப்பவர் போன்றவர்களை உட்கார வைத்து, கணக்கு எழுதுவது, விலை வைப்பது, உரிமம் வாங்குவது, கடன் கேட்பது எல்லாம் சொல்லிக்கொடுத்து, வழிகாட்ட ஆளும் கொடுக்கிறார்கள். என் பார்வையில் இந்த முயற்சியிலேயே அதிகம் மதிக்க வேண்டியது இதுதான். இதற்குக் கைதட்டல் குறைவு.

இனி இரண்டாவது கணக்கு. 650 வீடு இருந்த இடத்தில் 542, அதில் பாதி என்றால் 271. ஏழைக் குடும்பங்களுக்கு இருந்த வீடுகளில் பாதிக்கு மேல் போய்விட்டது. இடிக்கும்போது பல வீடுகள் காலியாகத்தான் கிடந்தன என்பதும் உண்மை. ஆனாலும் பழைய குடும்பங்களில் ஒரு சிறு பகுதிதான் திரும்பி வந்தது. திரும்பி வர நிபந்தனைகள் இருந்தன: வேலையில் அல்லது பயிற்சியில் இருக்க வேண்டும், பழைய குற்றப் பதிவு இருக்கக் கூடாது.

சனிக்கிழமைகளில் நான் பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுக்கும் நூலகத்துக்குப் பேரனை அழைத்துவரும் ஒரு பாட்டி இருக்கிறார். மெடோஸில் குடியிருந்தவர். அவருடைய மகன் மீது பழைய வழக்கு ஒன்று இருந்ததால் குடும்பத்தோடு திரும்பி வர முடியவில்லை. வேறு இடத்தில் வாடகை கட்ட உதவும் அரசுச் சீட்டு கொடுத்தார்கள், சில மைல் தள்ளி வீடு பார்த்துக்கொண்டார். ஈஸ்ட் லேக் இருக்கும் அதே டிகால்ப் கவுண்டிதான், ஆனால் பள்ளிகளை நடத்தும் நிர்வாக எல்லை, அதாவது பள்ளி மாவட்டம், வேறு. டிரூவில் சேர அட்லாண்டா எல்லைக்குள் குடியிருக்க வேண்டும். குலுக்கலில் முதல் முன்னுரிமை புதிய குடியிருப்பில் இருப்பவர்களுக்கு, அடுத்து ஈஸ்ட் லேக், கிர்க்வுட் பகுதிகளில் இருப்பவர்களுக்கு. பள்ளி எங்கே நிற்கிறதோ அந்த மண்ணிலேயே வளர்ந்த குடும்பத்தின் பேரனுக்கு அங்கே விண்ணப்பிக்கவே வழியில்லை. பாட்டி கோபப்படவில்லை. பள்ளி நன்றாக இருப்பதில் அவருக்குச் சந்தோஷம்தான். “இதை நாங்க இருந்தப்பவே கட்டியிருந்தா எங்க பிள்ளைங்களும் போயிருக்குமே” என்று மட்டும் சொன்னார்.

பள்ளியின் முகவரி ஈவா டேவிஸ் வே. அவர் பெயரைத் தெருவுக்கு வைத்தது நியாயம், எனக்கு அதில் மகிழ்ச்சியே. அவர் யாருக்காகப் போராடினாரோ அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கும் குலுக்கலில் ஒரு வரிசை ஒதுக்கினால் இன்னும் நியாயம். ஊர் எல்லை தடுக்கிறது என்றால் அதற்கு விலக்குக் கேட்டு வாங்கலாம். இத்தனை கோடி டாலர் திரட்டத் தெரிந்தவர்களுக்கு இது முடியாத காரியமல்ல.

பள்ளி நல்ல பெயர் எடுத்ததன் இன்னொரு விளைவையும் சொல்ல வேண்டும். முன்னுரிமைக்காகவே சுற்றுத்தெருக்களில் வீடு தேடி வருகிறார்கள். எனக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்கள்கூட அப்படி வீடு பார்த்ததுண்டு. அதனால் விலை ஏறுகிறது. முன்பே சொந்த வீட்டில் இருந்த வயதானவர்கள் சொத்து வரியைப் பார்த்துத் திகைக்கிறார்கள்.

நியூயார்க்கின் ஹார்லெம் சில்ட்ரன்ஸ் ஸோன் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஜெஃப்ரி கனடா வளர்த்த அமைப்பு. 24 தெருத்தொகுதிகளில் தொடங்கி 97 வரை விரிந்தது. பிறக்கப்போகும் குழந்தையின் பெற்றோருக்கு வகுப்பு நடத்துவதிலிருந்து கல்லூரிவரை கூடவே வருவது அவர்கள் திட்டம். 2004-ல் ப்ராமிஸ் அகாடமி என்ற சார்ட்டர் பள்ளி. ஒபாமா அரசு 2010-ல் ‘ப்ராமிஸ் நெய்பர்ஹுட்ஸ்’ திட்டத்தைத் தொடங்கியது இதைப் பார்த்துத்தான். ஆனால் வில் டாபி, ரோலண்ட் ஃப்ரையர் இருவரும் 2011-ல் வெளியிட்ட ஆய்வு ஒரு சங்கடமான விஷயத்தைச் சொன்னது. பள்ளியில் சேர்ந்த பிள்ளைகள் கணக்கில் பெரிய முன்னேற்றம் கண்டார்கள். ஆனால் ஸோனுக்கு வெளியே குடியிருந்து அதே பள்ளிக்கு வந்த பிள்ளைகளும் அதே அளவு முன்னேறினார்கள். அப்படியானால் மதிப்பெண்ணைத் தூக்கியது பள்ளிதான், சுற்றியிருந்த சேவைகள் அல்ல.

இதை வைத்துச் சிலர், பள்ளி மட்டும் போதுமே, வீடும் வேலையும் எதற்கு என்று வாதிடுகிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மதிப்பெண் என்பது ஒரு அளவுகோல், அவ்வளவுதான். பிள்ளை பள்ளி விட்டு வீட்டுக்கு நடந்து வரும்போது சுடப்படாமல் இருப்பதும், அம்மாவுக்கு வாடகை கட்ட முடிவதும் எந்தத் தேர்விலும் வராது. ஆனாலும் அந்த ஆய்வு ஒன்றைத் தெளிவாக்கிவிட்டது: பள்ளி மோசமாக இருந்தால், சுற்றி எத்தனை திட்டம் போட்டாலும் அது பிள்ளையின் படிப்பைக் காப்பாற்றாது.

பிலடெல்பியாவில் புகழ்பெற்ற பாடலாசிரியர் கென்னி கேம்பிள் 1993-ல் தொடங்கிய யுனிவர்சல் கம்பெனிஸும் இதே வகை. தான் வளர்ந்த தெற்கு பிலடெல்பியாவுக்கே திரும்பி, பாழடைந்த வீடுகளைப் புதுப்பித்து, பிறகு சார்ட்டர் பள்ளிகள் எடுத்தார். அந்தப் பிடிப்புக்கு நான் தலைவணங்குகிறேன். பின்னர் வெகுதூரம் தள்ளி மில்வாக்கியில் பள்ளி நடத்தப் போய், சில ஆண்டுகளிலேயே அங்கிருந்து விலகினார்கள். தெரிந்த தெருக்களை விட்டு வெளியே போனால் இது வெறும் பள்ளி வியாபாரமாகச் சுருங்கிவிடும் ஆபத்து உண்டு.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். சேருங்கள் என்றுதான் சொல்வேன், ஆனால் நேர்முகத்தில் நீங்களும் அவர்களைக் கேளுங்கள். குலுக்கலில் முன்னுரிமை யாருக்கு, அதை யார் எப்போது முடிவு செய்தார்கள்? இடிக்கப்போகிறார்கள் என்றால், புது வீடு கட்டி முடித்த பிறகா, அதற்கு முன்பா? நிர்வாகக் குழுவில் அந்தத் தெருவில் குடியிருப்பவர் எத்தனை பேர்? முதல் நன்கொடையாளர் போய்விட்டால் அடுத்த பத்து வருடத்துக்குப் பணம் எங்கிருந்து? வெளியேறிய குடும்பங்கள் இப்போது எங்கே இருக்கின்றன என்று யாராவது பட்டியல் வைத்திருக்கிறார்களா? கடைசிக் கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால், சேர்ந்த பிறகு உங்கள் முதல் வேலையாக அந்தப் பட்டியலைத் தயாரிக்க அனுமதி கேளுங்கள்.