எழுத்துப்படியை மட்டும் நம்பாதீர்கள்: பண்புசார் ஆய்வு பற்றிக் கேள்வி பதில்

நேர்காணல் எடுத்துக் கோடிங் செய்து ஆய்வேடு எழுதுகிறவர்களின் கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்கிறேன். கோடிங் என்றால், ஒலிப்பதிவைத் தட்டச்சு செய்த எழுத்துப்படியில் ஒவ்வொரு பகுதிக்கும் அதன் பொருளைச் சொல்லும் சிறுபெயர், அதாவது ‘கோடு’ (code), வைப்பது. எஸ்பிஎஸ்எஸ் (புள்ளியியல் மென்பொருள்) சந்தேகங்களைப் புள்ளியியல் தெரிந்தவர்களிடம் கேளுங்கள்.

மேடம், எத்தனை பேரிடம் பேசினால் போதும்?

முன்கூட்டியே ஓர் எண்ணைச் சொல்ல முடியாது. கெஸ்ட், பன்ஸ், ஜான்சன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் கானா, நைஜீரியா பெண்கள் 60 பேரின் நேர்காணல்களை ஆராய்ந்து 2006-இல் எழுதினார்கள். முதல் 12 முடிவதற்குள் பெரும்பாலான கோடுகள் வந்துவிட்டன. அதைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் ‘12 போதும்’ என்று எழுதுகிறார்கள். அங்கே பேசியவர்கள் ஏறக்குறைய ஒரே மாதிரியானவர்கள், கேட்ட கேள்விகளும் ஒன்றே. உங்கள் ஆய்வில் படகுக்காரர், கூலிக்குப் போகிறவர், ஏலம் எடுப்பவர் என்று கலந்திருந்தால் 12 பேர் காணாது.

ஆய்வேடு ஆங்கிலத்தில். மொழிபெயர்த்துவிட்டுக் கோடிங் செய்யலாமா?

வேண்டாம். தமிழிலேயே செய்யுங்கள். ‘ரோஷம்’, ‘மானம்’, ‘வைராக்கியம்’ மூன்றையும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக்கிய ஆய்வேடுகளைப் பார்த்திருக்கிறேன். அந்த மூன்றுக்கும் நடுவில்தான் பேசிய பெண்களின் கதையே இருந்தது. மேற்கோள் காட்டும் இடத்தில் மட்டும் மொழிபெயர்த்தால் போதும்.

ஏஐ-யிடம் கொடுத்துத் தீம் (கோடுகளைச் சேர்த்துப் பார்த்தால் தெரியும் பொதுக்கருத்து) எடுக்கலாமா?

ஒப்புதல் படிவத்தில் அதைச் சொல்லிக் கையெழுத்து வாங்கினீர்களா? இல்லையென்றால் கூடாது.

இரண்டு பேர் தனித்தனியாகக் கோடிங் செய்து கப்பா (இருவரும் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று அளக்கும் எண்) பார்க்காமல் எப்படி நம்புவது? (கேட்டவர் புள்ளியியல் பேராசிரியர்)

நல்ல கேள்வி, சார். எனக்கு நேர்ந்ததையே சொல்கிறேன். கணவரின் குடி பற்றி ஓர் அம்மாவிடம் பேசினேன். எழுத்துப்படியில் இருந்தது இவ்வளவுதான்: “அவரு குடிச்சிட்டு வந்தா நான் ஒண்ணும் பேச மாட்டேன். காலையில பேசுவேன்.” நானும் தோழியும் தனித்தனியாக உட்கார்ந்து முதல் வாக்கியத்துக்கு ‘பணிந்துபோதல்’ என்று கோடு வைத்தோம், இரண்டாவதைச் சும்மா விட்டுவிட்டோம். எங்களுக்குள் முழு உடன்பாடு. பல மாதம் கழித்து ஒலிப்பதிவைத் திரும்பக் கேட்டேன். “பேச மாட்டேன்” என்ற பிறகு நாலு விநாடி அமைதி. அப்புறம் குரலைத் தாழ்த்தி, “காலையில பேசுவேன்” என்று சொல்லிச் சிரிக்கிறார். தட்டச்சு செய்தவர் அமைதியையும் சிரிப்பையும் விட்டுவிட்டார். அது பணிவே இல்லை, நேரம் பார்ப்பது. நாங்கள் இருவரும் ஒரே தப்பைச் சேர்ந்து செய்திருந்தோம். கப்பா போட்டிருந்தால் மிக நன்றாகவே வந்திருக்கும்.

ஜேக்கப் கோஹன் 1960-இல் கப்பாவைக் கொடுத்தது, வகைகளை முன்பே வரையறுத்துவிட்டு இருவர் அவற்றில் போட்டுப் பார்ப்பதற்கு. கோடு பட்டியலைப் பூட்டிவிட்டு வேலை செய்கிறவர்கள் தாராளமாகப் பயன்படுத்தலாம். படிக்கப் படிக்கக் கோடு மாறுகிற ஆய்வுக்கு அது ஒட்டாது.

அப்படியானால் யார் எதை வேண்டுமானாலும் எழுதலாமா? சமூகவியலாளர் எம்.என்.ஸ்ரீனிவாஸ் தன் கள ஆய்வுக் குறிப்புகள் எரிந்தபின் நினைவிலிருந்தே ஒரு புத்தகம் எழுதினாரே! (மீண்டும் பேராசிரியர்)

எழுதினார். 1948-இல் மைசூர்ப் பக்கம் ராம்புராவில் தங்கிச் செய்த கள ஆய்வு அது. 1970-இல் ஸ்டான்போர்டில் அவர் இருந்த ஆய்வு மையத்துக்குத் தீ வைத்தார்கள். ஒழுங்குபடுத்தி வைத்திருந்த குறிப்புகளின் மூன்று பிரதிகளும் அங்கேதான் இருந்தன. 1976-இல் புத்தகம் வந்தது. ஆனால் சார், எரிந்ததை அவர் மறைக்கவில்லை. எந்த நிலையில் எழுதினேன் என்பதைப் புத்தகத்திலேயே சொன்னார், தலைப்பிலேயே ‘நினைவில் நின்ற கிராமம்’ என்ற பொருள் வருகிறது. எதை எவ்வளவு நம்பலாம் என்று வாசகரால் எடைபோட முடிகிறது. அந்த அம்மா விஷயத்தில் நானும் அதையே செய்தேன். எந்தத் தேதியில் கோடு மாறியது, ஏன் மாறியது என்பது குறிப்பேட்டில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வாங்கிப் பார்த்து என்னோடு சண்டை போடலாம்.

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) வேலிடிட்டி (ஏற்புடைமை), ரிலையபிலிட்டி (நம்பகத்தன்மை) கேட்டால்?

பண்புசார் ஆய்வுக்கு அவற்றுக்குப் பதிலாக லிங்கன், கூபா என்ற ஆய்வாளர்கள் 1985-இல் வேறு நான்கு அளவுகோல் வைத்தார்கள். பேசியவர்களின் உலகை இது சரியாகச் சொல்கிறதா, வேறு சூழலுக்குப் பொருத்திப் பார்க்கப் போதிய விவரம் இருக்கிறதா, செய்த முறையைப் பின்தொடர முடிகிறதா, முடிவு தரவிலிருந்து வந்ததா. பெயர்களை மனப்பாடம் செய்யாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் நீங்கள் செய்த ஒரு காரியத்தைச் சொல்லுங்கள்.

மேடம், எம்.பில்.லில் 8 பேர் எடுத்தேன், போதுமா?

முதல் பதிலைப் படியுங்கள்.

பேசியவர்களிடமே முடிவைத் திரும்பக் காட்ட வேண்டுமா?

முடிந்தால் காட்டுங்கள். அவர்கள் மறுத்தால் அழித்துவிடாதீர்கள், மறுப்பையும் தரவாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: மாமியார், கணவர் இருக்கும் வீட்டில் உட்கார்ந்து படித்துக் காட்டாதீர்கள். நீங்கள் பஸ் ஏறி வந்துவிடுவீர்கள், அவர் அங்கேதான் இருக்க வேண்டும்.

15 பேர் என்றால்…

எண்ணிக்கைக் கேள்விக்கு இனி பதில் இல்லை. 12 என்று நான் சொன்னதாகவும் தயவுசெய்து எழுதாதீர்கள்.

நேரமில்லாததால் எழுத்துப்படி தயாரிக்க வெளியே கொடுத்தேன். பரவாயில்லையா?

கொடுக்கலாம். வந்ததும் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வரிக்கு வரி கேட்டுத் திருத்துங்கள். அமைதியை (4 விநாடி) என்று அடைப்புக்குள் போடுங்கள். சிரிப்பு, பெருமூச்சு, குழந்தையை அதட்டியது எல்லாமே வேண்டும்.

அந்த அம்மாவின் பேச்சுக்கு வைத்த ‘பணிந்துபோதல்’ என்ற கோடு என்னவாக மாறியது?

‘நேரம் பார்த்துப் பேசுதல்’. மாற்றியபின் எல்லா ஒலிப்பதிவையும் முதலிலிருந்து கேட்டேன். இன்னும் சிலரிடமும் அது இருந்தது. ஒருவர் மட்டும், காலையில் பேசியதற்குத்தான் அடி விழுந்தது என்றார். அது என் விளக்கத்துக்கு எதிராக நின்றது. அதே இயலில், அவர் சொன்ன சொற்களிலேயே, தனிப் பத்தியாக வைத்திருக்கிறேன்.