எல்லையில் முட்டி நிற்கும் வெள்ளவாய்க்கால்

வெள்ளம் வடியாமல் நிற்கிற ஒழுங்கை நல்லூர் பிரதேச சபையில், அதன் வாய்க்காலின் வடிமுனை (தண்ணி வெளியேறும் முனை) யாழ்ப்பாண மாநகர சபையில் என்றால் இரண்டு பக்கமும் தனித்தனியாக முறையிட்டு அலையாதேங்கோ. ஒரே கடிதத்தை நல்லூர் பிரதேச சபைச் செயலாளருக்கும் மாநகர ஆணையாளருக்கும் எழுதி, உள்ளூராட்சி உதவி ஆணையாளருக்குப் பிரதி போடுங்கோ. கேட்க வேண்டியது ஒன்றுதான்: இரண்டு தொழில்நுட்ப உத்தியோகத்தரும் ஒரே நாளில் சேர்ந்து வந்து பார்க்க வேண்டும்.

தண்ணி முட்டி நிற்கக் காரணம் பெரும்பாலும் வாய்க்கால் அடித்தளத்தின் மட்டப் பிழைதான். அவரவர் தங்கள் எல்லை வரைக்கும்தான் மதிப்பீடு போடுவினம். மேல்பக்க அடித்தளம் கீழ்ப்பக்கத்தைவிடப் பதிந்துவிடும்.

மேசன்மாரின் தண்ணிமட்டக் குழாயால் எல்லைக்கு இருபுறமும் 10 மீற்றர் தள்ளி அளந்து பாருங்கோ. முதலில் மண்ணை வாரிவிட்டு அளக்க வேணும், இல்லாவிட்டால் சேற்றின் உயரம்தான் வரும். பிழை உறுதியானால் வேலை வடிமுனையிலிருந்து மேலே வரவேண்டும். மேலே முதலில் கட்டினால் அடுத்த மாரிக்கும் இதே கதைதான்.

ஒன்று கவனம்: பிரதேச செயலக எல்லையைச் சபை எல்லை என்று நினைக்காதேங்கோ. நல்லூர் செயலகப் பிரிவின் ஒரு பகுதி மாநகர சபைக்குள் இருக்கு. வாய்க்கால் ஏ, பி தர வீதியோரம் என்றால் வீதி அபிவிருத்தி அதிகாரசபையின் அனுமதியும் வேணும்.