அமெரிக்கப் பழங்குடியான சோக்டா மக்களின் தலைவர் புஷ்மதாஹா, ஆண்ட்ரூ ஜாக்சனின் நண்பரா, எதிரியா?

இரண்டும்தான். 1811-ல் ஷானி என்ற இன்னொரு பழங்குடியின் தலைவர் டெகும்சே, வெள்ளையருக்கு எதிராகச் சேர்ந்து போரிடலாம் என்று சோக்டா மக்களை அழைத்தார். புஷ்மதாஹா மறுத்தார். அப்புறம் க்ரீக் பழங்குடியின் ஒரு பிரிவுக்கு எதிரான போரில் நூற்றுக்கணக்கான வீரர்களோடு அமெரிக்கத் தளபதி ஜாக்சன் பக்கமே நின்றார்.

ஆனால் 1820-ல், டோக்ஸ் ஸ்டாண்ட் ஒப்பந்தப் பேச்சில், அதே ஜாக்சன் எதிரே உட்கார்ந்து மிசிசிப்பியில் 50 லட்சம் ஏக்கருக்கு மேல் கேட்டார். பதிலுக்கு மேற்கே அதைவிடப் பெரிய நிலம். அந்தப் பகுதியை வேட்டைக்காகச் சுற்றியறிந்த புஷ்மதாஹா, அது எவ்வளவு மோசமான நிலம் என்று முகத்துக்கு நேரே சொன்னார். அதில் ஒரு பகுதியில் ஏற்கெனவே வெள்ளையர் குடியேறியிருந்ததையும் சுட்டிக்காட்டினார். சரி, கடைசியில் கையெழுத்துப் போட்டாரா? போட்டார். அவரிடம் வேறு வழி அதிகம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

குடியேறிகள் விலகவில்லை. அதை முறையிட 1824-ல் வாஷிங்டன் போனவர், அந்த டிசம்பரில் அங்கேயே நோயில் இறந்தார். பீரங்கி முழங்க ராணுவ மரியாதையோடு அங்குள்ள காங்கிரஷனல் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள். அவருடைய மக்களை மிசிசிப்பியிலிருந்து பெயர்த்த 1830 ஒப்பந்தம் வந்தபோது அமெரிக்கக் குடியரசுத் தலைவர், அதே ஜாக்சன்தான்.