போட்டிக்குப் போகும் பெண் ஊர் சுற்றலாமா?

கேள்வி: என் மகள் கோவையில் மெக்கட்ரானிக்ஸ் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். அவளுடைய கல்லூரிக் குழு செய்த ரோவர் (செவ்வாய்க் கிரகம் போன்ற இடங்களில் ஓடுவதற்கான ஆளில்லா வண்டி), அமெரிக்காவில் யூட்டா பாலைவனத்தில் நடக்கும் யுனிவர்சிட்டி ரோவர் சேலஞ்ச் போட்டியின் இறுதிச் சுற்றுக்குத் தேர்வாகியிருக்கிறது. மண் சோதனைப் பெட்டி அவள் பொறுப்பு. மே கடைசியில் கிளம்ப வேண்டும். பாதிச் செலவைக் கல்லூரி ஏற்கிறது. எங்கள் பங்கு 2.25 லட்சம்; நகையை அடகு வைத்துப் புரட்டிவிட்டோம். இப்போது, போட்டி முடிந்ததும் ஆறு நாள் கூடுதலாகத் தங்கி கிராண்ட் கேன்யன், லாஸ் வேகஸ், லாஸ் ஏஞ்சல்ஸ் எல்லாம் பார்த்துவிட்டு வருகிறோம் என்கிறாள். அதற்கு இன்னும் 80,000 ஆகுமாம். "போனோமா, போட்டியை முடித்தோமா, வந்தோமா என்று இருக்கணும். கடன் வாங்கி ஊர் சுற்றவா?" என்கிறார் என் கணவர். ஒரு வாரமாக அப்பாவும் மகளும் பேசிக்கொள்வதில்லை. நான் யார் பக்கம் நிற்பது?
— ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, முதலில் உங்கள் பெண்ணுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். ஆண்டுதோறும் நூறு குழுக்களுக்கு மேல் பெயர் கொடுக்கும் போட்டி அது. வடிவமைப்பு அறிக்கையையும் ரோவர் ஓடும் வீடியோவையும் பார்த்து, முப்பத்துச் சொச்சம் குழுக்களை மட்டுமே இறுதிச் சுற்றுக்கு அழைக்கிறார்கள். பணம் கட்டினால் போதும், யாரை வேண்டுமானாலும் கூட்டிப்போகிறோம் என்று பள்ளிகளில் விற்கப்படும் 'விண்வெளிப் பயணங்கள்' வேறு, இது வேறு. நகையை வைத்தது வீண் போகாது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அவள் கூடுதலாகத் தங்கட்டும். ஆனால் ஆறு நாள் வேண்டாம், மூன்று நாள் போதும். பார்க்கும் இடங்களும் அவள் எழுதிய பட்டியலில் இருப்பவை வேண்டாம்.

ஏன் என்று சொல்கிறேன். அந்தப் போட்டியை மார்ஸ் சொசைட்டி என்ற அமைப்பு 2007 முதல் நடத்துகிறது. ஒரு பெரிய நகரத்து அரங்கில் வசதியாக நடத்தியிருக்கலாம். அதை விட்டுவிட்டு, ஹாங்க்ஸ்வில் என்ற சின்னஞ்சிறு ஊருக்குப் பக்கத்தில், செவ்வாய்க்குப் போவதற்கான ஒத்திகை நடக்கும் ஆய்வு நிலையத்தைச் சுற்றி நடத்துகிறார்கள். செடி கொடி இல்லாத செம்மண் மேடுகள், களிமண் படுகைகள், காற்று செதுக்கிய பாறைகள் என்று பார்வைக்கும் மண்ணின் குணத்துக்கும் செவ்வாயை ஒத்த நிலம் அது. அந்த மண்ணில் உயிர் இருந்த தடயம் உண்டா என்று சோதித்துச் சொல்வது போட்டியின் ஒரு பகுதி, அதாவது உங்கள் பெண்ணின் வேலை. அவளுக்கு அந்த நிலம்தான் கேள்வித்தாள். பரீட்சை எழுதிய மறுநாளே அதை விட்டுவிட்டு லாஸ் வேகஸ் விளக்குகளைப் பார்க்க 500 கிலோமீட்டருக்கு மேல் வண்டியில் போவது எனக்கு மனசே ஆகவில்லை.

நிலையத்தைச் சுற்றியுள்ள மண்ணடுக்கு சுமார் 15 கோடி ஆண்டு பழையது. மாரிசன் அடுக்கு என்று பெயர். டைனோசர் எலும்புகளுக்குப் பேர்போனது. தெற்கு யூட்டாவின் நவாஹோ மணற்பாறை அதைவிடவும் பழையது. ஒரு காலத்தில் மணல் மேடாக இருந்து இறுகியது. அதில் கோலிக்குண்டு போலக் கருத்த இரும்புருண்டைகள் கிடைக்கும். நிலத்தடி நீர் பாறையிலிருந்த இரும்பைக் கரைத்துக்கொண்டு போய் வேறோர் இடத்தில் படியவைத்ததால் உருவானவை. 2004-ல் ஆப்பர்ச்சுனிட்டி ரோவர் செவ்வாயில் இறங்கியபோது அங்கேயும் சின்னச் சின்ன இரும்புத்தாது உருண்டைகள் சிதறிக் கிடந்தன. அங்கே தண்ணீர் இருந்திருக்கிறது என்பதற்கு அவை ஒரு சாட்சி. அவற்றைப் புரிந்துகொள்ள விஞ்ஞானிகள் ஒப்பிட்டுப் பார்த்தது இந்த யூட்டா உருண்டைகளைத்தான். மண் சோதனைப் பெட்டி செய்த பெண்ணுக்கு இதைவிட நல்ல சுற்றுலா எது? ஒன்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்: தேசியப் பூங்காவில் ஒரு கல்லைக்கூட எடுத்துப் பையில் போடக் கூடாது, அது குற்றம்.

ஹாங்க்ஸ்வில்லிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் வடக்கே காப்ளின் வேலி இருக்கிறது. ஆளுயரமும் அதற்கு மேலுமாக ஆயிரக்கணக்கான பாறைகள் காளான் போல நிற்கும் பள்ளத்தாக்கு. நடுவில் இறங்கி நடக்கலாம். மேற்கே அறுபது கிலோமீட்டரில் கேபிடல் ரீஃப் தேசியப் பூங்கா. பூமியின் தோல் மடிந்து சுமார் 160 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு சுவராக எழுந்து நிற்கிறது. சாலையோரத்திலேயே, அந்த மண்ணின் பழங்குடியினர் சுமார் ஆயிரம் ஆண்டுக்கு முன் பாறையில் கொத்திய உருவங்கள் உண்டு. இந்த இரண்டுக்கும் இரண்டு நாள், துணி துவைத்து, தூங்கி, மூட்டை கட்ட ஒரு நாள். அதே அறையில் தங்கலாம், அதே வாடகை வண்டி. அவள் சொல்லும் 80,000 பாதிக்கும் கீழே வந்துவிடும். தவிர, 2026 முதல் கிராண்ட் கேன்யன், ஜையான், பிரைஸ் உள்ளிட்ட 11 பெரிய பூங்காக்களில் வெளிநாட்டவருக்கு ஆளுக்கு 100 டாலர் கூடுதல் கட்டணம் வைத்திருக்கிறார்கள். கேபிடல் ரீஃப் அந்தப் பட்டியலில் இல்லை.

சுற்றுவது போட்டிக்குப் பிறகுதான் இருக்க வேண்டும். உங்கள் பெண்ணும் அப்படித்தான் திட்டமிட்டிருக்கிறாள், நல்லது. குழுவில் யாராவது "முதலில் சுற்றிவிட்டுப் போகலாம்" என்று ஆரம்பித்தால் விடவே கூடாது. என் அக்கா மகன் இப்படி ஒரு போட்டிக்குப் போனபோது, சக்கர மோட்டார்கள் இருந்த பெட்டி இரண்டு நாள் தாமதமாக வந்து சேர்ந்தது. முன்கூட்டியே போயிருந்ததால் பிழைத்தார்கள். ரோவர் 50 கிலோ வரை இருக்கலாம் என்பது விதி. விமானத்தில் ஒரு பெட்டிக்குப் பெரும்பாலும் 23 கிலோதான். அதனால் வண்டியைப் பிரித்து ஆளுக்கொரு பெட்டியாகத்தான் கொண்டுபோவார்கள். உங்கள் பெண்ணின் துணிமணிக்குக் கையில் எடுத்துப்போகும் சின்னப் பை மட்டுமே மிஞ்சும். புதுச் சூட்கேஸ் வாங்கிவிடாதீர்கள்.

குழுத் தலைவரிடம் நீங்களே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "பேட்டரியை என்ன செய்கிறீர்கள்?" பேட்டரியில் அடங்கும் மின்சாரத்தை வாட்-மணி என்ற கணக்கில் அளப்பார்கள். 160 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரியைப் பயணி விமானத்தில் ஏற்றவே விடமாட்டார்கள். 100-க்கும் 160-க்கும் இடைப்பட்டது என்றால் விமான நிறுவனத்தின் முன் அனுமதியோடு ஆளுக்கு இரண்டு, அதுவும் கைப்பையில் மட்டும். ரோவரை ஓட்டும் பேட்டரி பெரும்பாலும் இந்த வரம்பைத் தாண்டியதாகவே இருக்கும். அங்கேயே வாங்கிக்கொள்ள இப்போதே ஏற்பாடு செய்திருந்தால், பொறுப்பான குழு என்று நிம்மதியாக இருங்கள்.

விசா பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பி1/பி2 விசாவில் போட்டி, சுற்றுலா இரண்டுமே அடங்கும். சென்னை அமெரிக்கத் துணைத் தூதரக நேர்காணலில் "போட்டிக்குப் போகிறேன், முடிந்ததும் மூன்று நாள் பக்கத்துப் பூங்காக்களைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறேன்" என்று உள்ளதை உள்ளபடி சொல்லட்டும். சுற்றுலாவைச் சொன்னால் சந்தேகப்படுவார்கள் என்று யாராவது பயமுறுத்தினால் காதில் வாங்க வேண்டாம். மாற்றிச் சொல்லி மாட்டிக்கொள்வதுதான் ஆபத்து.

அப்புறம், உங்கள் வீட்டுக்காரர். அவர் கோபத்தில் பாதி பணக்கவலை, மீதி பயம் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பயத்தைத் தள்ளிவிட முடியாது. அங்கே பஸ் கிடையாது, பல இடங்களில் செல்போன் சிக்னல் கிடைக்காது, இரவில் மான்களும் மாடுகளும் சாலைக்கு வந்துவிடும். அதனால் மூன்று விஷயங்களைக் கறாராகச் சொல்லுங்கள். கூட வரும் ஆசிரியரும் அந்த மூன்று நாள் உடன் இருக்க வேண்டும், வண்டியை அவர்தான் ஓட்ட வேண்டும். 25 வயதுக்குக் குறைந்தவர் ஓட்டினால் வாடகை நிறுவனங்கள் கூடுதல் கட்டணம் கேட்கும் என்பதும் ஒரு காரணம். இருட்டிய பிறகு நெடுந்தூரம் போகக் கூடாது. மழை வரும் என்று வானிலை அறிக்கை சொன்னால் குறுகிய பாறை இடுக்குகளுக்குள் நுழையவே கூடாது. எங்கோ தொலைவில் பெய்யும் மழை நிமிடங்களில் வெள்ளமாக அங்கே பாயும். பயணக் காப்பீடு அந்த மூன்று நாளுக்கும் சேர்த்து எடுத்திருக்கிறதா என்று தாளை வாங்கிப் பார்த்துவிடுங்கள். அமெரிக்காவில் ஒரு எலும்பு முறிவுக்கே நீங்கள் அடகு வைத்த நகை போதாது.

இதையெல்லாம் நீங்கள் போய் அவரிடம் சொல்லாதீர்கள். உங்கள் பெண் சொல்லட்டும். வரைபடத்தை விரித்து வைத்து, எந்த நாள் எங்கே, யார் வண்டி ஓட்டுவது, எவ்வளவு செலவு என்று அப்பாவுக்கு அவளே விளக்கட்டும். மூன்றாம் ஆண்டில் ரோவர் செய்யத் தெரிந்தவளுக்கு இது பெரிய வேலையில்லை. வேகஸ் போகவில்லையே என்று முகம் சுண்டினால், வேலைக்குப் போய்ச் சொந்தக் காசில் போகலாம் என்று சொல்லுங்கள். நீங்கள் யார் பக்கமும் நிற்க வேண்டியதில்லை. இரண்டு பேரையும் ஒரே மேசையில் உட்கார வைத்தால் போதும்.

கடைசியாக உங்களுக்கு ஒன்று. காப்ளின் வேலி, ஊர் வெளிச்சம் எட்டாத இருண்ட வானத்துக்காகவே அங்கீகாரம் பெற்ற இடம். அவள் கிளம்புவதற்கு முன் ஒரு ராத்திரி, இரண்டு பேரும் உங்கள் மொட்டை மாடிக்குப் போங்கள். வடக்கே மரம், கட்டடம் மறைக்கவில்லை என்றால் துருவ நட்சத்திரத்தைத் தேடுங்கள். கையை நீட்டி முஷ்டியைப் பிடித்தால், திண்டுக்கல்லில் அது அடிவானத்திலிருந்து ஒரு முஷ்டி உயரத்தில்தான் இருக்கும். காப்ளின் வேலியில் நின்று அவளும் அப்படியே அளக்கட்டும், கிட்டத்தட்ட நான்கு முஷ்டி வரும். அங்கே இரவு பத்தரை என்றால் இங்கே மறுநாள் காலை பத்து மணி. ஊருக்குள் சிக்னல் கிடைத்ததும் கூப்பிட்டு எத்தனை முஷ்டி என்று சொல்லச் சொல்லுங்கள். அந்தப் போனை அவள் அப்பா எடுக்கட்டும்.