தக்காளி விலையும் சராசரிக் கணக்கும்

அன்புள்ள ஐயா,

பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கம் தக்காளி விலைச் செய்தி எப்படிக் கைமாறுகிறது என்று கணினியில் மாதிரி போட்டுப் பார்க்கிறேன். 1000 பேர், ஆளுக்குச் சராசரி 10 தொடர்பு, கேட்டவர் ஒவ்வொரு தொடர்புக்கும் சொல்ல வாய்ப்பு 5%. செய்தி உடனே செத்துவிடுகிறது. நிஜத்தில் மண்டி முழுக்கப் பரவுகிறது. ஆனாலும் சில கொட்டாய்களுக்குக் (சிறு குடியிருப்புகளுக்கு) கடைசிவரை எட்டுவதில்லை. எங்கே பிழை?

பாலக்கோட்டு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நிரலைச் சந்தேகிக்க வேண்டாம், அந்தச் சராசரிதான் கெடுக்கிறது. 900 விவசாயிகளுக்குத் தலா 4 தொடர்பு, தரகர், மண்டிக்காரர், வேன் ஓட்டுநர் என்று 100 பேருக்குத் தலா 64 என வையுங்கள். சராசரி அதே 10தான். ஆனால் மொத்த 10,000 தொடர்பு முனைகளில் 6,400 அந்த நூறு பேரிடம் இருக்கின்றன. ஆகவே செய்தி அடுத்துப் போய்ச் சேரும் ஆள் தரகர் வகையாக இருக்க வாய்ப்பு 64%. வந்த வழியைக் கழித்தால் அவருக்கு மிச்சம் 63 வழி, விவசாயிக்கு 3. சராசரியாக 0.64×63 + 0.36×3 = 41.4 வழி. இதில் 5% என்றால் 2.07, ஒருவர் இரண்டு பேருக்குச் சொல்கிறார். எல்லோருக்கும் சமமாக 10 கொடுத்தால் 9×0.05 = 0.45தான். ஒன்றுக்குக் கீழே போனால் அணைந்துவிடும்.

தொடர்புகள் குருட்டாம்போக்கில் அமைந்தால்தான் இந்த 41.4. மாமன் மச்சான் எல்லோரும் தங்களுக்குள்ளேயே பேசிக்கொள்ளும் கொட்டாயில் பேச்சு பெரும்பாலும் ஏற்கெனவே கேட்டவரிடமே போகும், எண் இறங்கும். வாட்ஸ்அப் குழுவையும் இரண்டிரண்டு பேராக உடைத்து வரையாதீர்கள். குழுவையே ஒரு கணுவாக (வலையில் ஓர் ஆளைப் போல ஒரு புள்ளியாக) வையுங்கள். ஒரே அனுப்பலில் எல்லோருக்கும் போகும், படிப்பவர் சிலர்தான்.

எட்டாத கொட்டாய்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. நோய் பரவுவதைக் கணக்கிடும் மாதிரியில் ஆள் தானாகக் குணமாகிறார். வதந்தி பரப்புகிறவரோ, "அதான் தெரியுமே" என்று எதிராளி சொன்னதும் வாயை மூடிக்கொள்கிறார். கணிதவியலாளர்கள் டேலியும் கெண்டலும் 1964-இல் முன்வைத்த மாதிரி இதுதான். எல்லோரும் எல்லோரையும் சமமாகச் சந்திக்கும் பெரிய கூட்டத்தில்கூட, ஒருவரிடம் தொடங்கிய வதந்தி சுமார் 20.3% பேர் காதில் விழாமலே ஓய்கிறது. ஓயும் விதியை அப்படி மாற்றிப் பாருங்கள்.

கடைசியாக, 500 முறையாவது ஓட்டுங்கள், ஆனால் முடிவுகளைச் சராசரி எடுக்காதீர்கள் (மறுபடியும் அதே சராசரி!). 4 தொடர்பு உள்ள விவசாயி தொடங்கினால் 0.95-இன் நான்காம் அடுக்கு, அதாவது 81% ஓட்டங்கள் முதல் படியிலேயே சாகும். 64 தொடர்புள்ளவர் தொடங்கினால் சுமார் 4%தான். செத்ததையும் பரவியதையும் கலந்தால் எந்த ஓட்டத்திலும் நடக்காத ஓர் எண் கிடைக்கும். இரண்டையும் பிரித்து வரையுங்கள். ஒவ்வொரு ஓட்டத்திலும் தொடங்கியவர் யார் என்பதையும் பதிந்துவையுங்கள்.