பின்னணிப் படமும் புள்ளி எழுத்தும்: வாசகர் கேள்வி – பதில்

வெள்ளவத்தை வாசகி: எங்கள் கைத்தறிச் சேலைக் கடையின் இணையத்தளத்துக்கு, ஒரு சேலைத் துணியையே போனில் படம்பிடித்துப் பின்னணியாகப் போட்டேன். பக்கம் முழுக்க டைல் பதித்தமாதிரிக் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. கோடு மறைய என்ன செய்யலாம்?

கட்டம் தெரிவதற்குக் காரணம் இரண்டு. ஒன்று வெளிச்சம்: யன்னல் பக்கம் பளிச்சென்றும் மறுபக்கம் மங்கலாகவும் உள்ள படத்தை அடுக்கினால், பளிச்சும் மங்கலும் மாறி மாறி வரத்தான் செய்யும். மற்றது, வலது ஓரத்து இழை இடது ஓரத்து இழையோடு பொருந்தாமை. பலர் ஓரத்தை மட்டும் சரிசெய்துவிட்டு, கட்டம் ஏன் போகவில்லை என்று தேடுகிறார்கள்.

படம் எடுக்கும்போதே கவனித்தால் பாதி வேலை முடிந்துவிடும். துணியைச் சுருக்கம் எடுத்து, பலகையில் இழுத்துப் பின் குத்துங்கள். வெயில் நேரே படாத யன்னலோரம் நல்லது. வெளிச்சம் ஒரு பக்கத்தால் சாய்வாக விழட்டும். நூலின் மேடுபள்ளம் அப்போதுதான் தெரியும். பிளாஷ் போட்டால் துணி வெறும் நிறமாகிவிடும். போனைக் கிட்டக் கொண்டுபோகாமல் இரண்டடி தள்ளிப் பிடித்து, 2 மடங்கு சூம் வைத்து எடுங்கள். கிட்ட எடுத்தால் ஓரத்து இழைகள் வளைந்து விழும்.

இனி கணினி வேலை. இலவசமாகக் கிடைக்கும் படத்திருத்த மென்பொருளான கிம்ப் போதும். முதலில் படத்தைத் திருப்பி நேராக்குங்கள். அரைப் பாகை சரிவு கண்ணுக்குப் படாது. ஆனால் 512 பிக்சல் அகலத்தில் அது நாலு பிக்சலுக்கு மேல் விலகும், ஓரத்தில் இழை முறிந்து நிற்கும். பிறகு நிறத்தை நீக்கிவிட்டு, 'பில்டர்ஸ்' மெனுவில் 'என்ஹான்ஸ்' பகுதியிலுள்ள 'ஹை பாஸ்' பில்டரை 40 அளவில் கொடுங்கள். படம் சாம்பலாகிவிடும், அப்படித்தான் ஆகவேண்டும். பெரிய இருள்-வெளிச்சம் போய் இழை மட்டும் மிஞ்சும்.

வெட்டுவதில்தான் துணிக்கும் கடதாசிக்கும் வித்தியாசம். கடதாசியை எங்கும் வெட்டலாம். துணியை, ஒரு பாவு (நெடுக்கு) நூலின் இடது விளிம்பில் தொடங்கி இன்னொரு பாவு நூலின் இடது விளிம்பில் முடிக்கவேண்டும். ஊடை (குறுக்கு) நூலுக்கும் அதே விதி. சாதாரண நெசவில் நூல் ஒன்றுவிட்டு ஒன்று மேலும் கீழுமாகப் போவதால், உள்ளே அகப்படும் நூல்கள் இரட்டை எண்ணிக்கையாக இருக்கவேண்டும். ஒற்றையானால் ஓரத்தில் இரண்டு மேல் நூல்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்து கோடு போடும். வெட்டிவந்த அளவு 497க்கு 508 என்றிருந்தாலும் அப்படியே விடுங்கள். 512க்கு இழுத்தால் இழை மங்கும்.

அடுத்து 'லேயர்' மெனுவில் 'ட்ரான்ஸ்போர்ம்', அதற்குள் 'ஓப்செட்'. அகலத்திலும் உயரத்திலும் பாதி நகர்த்தி, வெளியே போகும் பகுதி மறுபக்கத்தால் உள்ளே வரும்படி தெரிவுசெய்யுங்கள். நான்கு ஓரங்களும் நடுவில் கூட்டல் குறியாக வந்து நிற்கும். அந்தக் கூட்டலை மட்டும், பக்கத்து இழையைக் கொண்டு குறையை மூடும் ஹீல் கருவியால், மூன்று நூல் அகலத்தில் மெல்ல அழியுங்கள். வெளி விளிம்பைத் தொட்டால் புதுக் கோடு பிறக்கும்.

முடிந்ததும் மூன்றுக்கு மூன்றாக அடுக்கி, தள்ளி நின்று பாருங்கள். கைத்தறியில் அங்கங்கே நூல் தடித்த இடம் ஒன்றிருக்கும். கையில் பார்க்க அதுதான் அழகு, திரையில் அதுவே வரிசை வரிசையாக நின்று காட்டிக்கொடுக்கும். அதை எடுத்துவிடுங்கள். கடைசியாக 'லெவல்ஸ்' பெட்டியில், மேலே உள்ளீட்டு முனைகளை இழையின் இருள்-வெளிச்ச எல்லைவரை நெருக்கிவிட்டு, கீழே வெளியீட்டு எல்லையை 236இலிருந்து 250வரை சுருக்குங்கள் (0 கறுப்பு, 255 வெள்ளை). துணி இருப்பது தெரியும், ஆனால் சேலைப் படங்களோடு போட்டிபோடாது.

கொட்டாஞ்சேனை வாசகர்: எங்கள் சனசமூக நிலையத்தின் தளம் மூன்று மொழியிலும் இருக்கிறது. பழைய கடதாசி மாதிரிப் பின்னணி போட்டபிறகு, ஆங்கிலப் பக்கம் சரி, தமிழ்ப் பக்கம் வாசிக்கக் கண் நோகிறது என்கிறார்கள். ஒரே படம்தானே?

படம் ஒன்றுதான், எழுத்து வேறு. 16 பிக்சல் எழுத்தில் தமிழின் புள்ளி ஏறத்தாழ இரண்டு பிக்சல்தான் வரும். பழைய கடதாசிப் படத்திலுள்ள கறைப்பொட்டும் அதே அளவு. 'ர'வுக்கு மேலே ஒரு பொட்டு விழுந்தால் அது 'ர்' ஆகத் தெரியும். 'ர்' மேலுள்ள புள்ளி பொட்டுக்கூட்டத்தில் கலந்தால் 'ர' ஆகிவிடும். கண் ஒவ்வொரு சொல்லிலும் நின்று நிதானிக்கிறது, நோவு அதனால்தான். ஆங்கிலத்தில் புள்ளி வைக்கும் சிறிய எழுத்து இரண்டே இரண்டு. புள்ளி தவறினாலும் வேறெழுத்தாகாது.

எங்கள் கருத்து உறுதியானது: தமிழ்ப் பந்திக்குக் கீழே டெக்ஸ்சர் (துணி, கடதாசி போன்ற மேற்பரப்புத் தோற்றம்) வேண்டாம். எழுத்து நிற்கும் பகுதிக்கு வெறும் வெளிர்நிறப் பலகை ஒன்று வைத்து, கடதாசியை இரு பக்க ஓரங்களிலும் தலைப்புப் பகுதியிலும் மட்டும் விடுங்கள். சிங்களப் பக்கத்துக்கும் இதையே செய்யுங்கள். அங்கும் எழுத்தின் மேலும் கீழும் நுணுக்கமான குறிகள் உண்டு.

எழுத்தின் நிறத்தையும் பாருங்கள். சாதாரண எழுத்துக்கு 4.5க்கு 1 என்ற கொன்ட்ராஸ்ட் (எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம்) வேண்டும் என்பது இணைய அணுகல் வழிகாட்டியின் அளவு. 118 என்ற சாம்பல் எழுத்து வெள்ளையில் அதை மயிரிழையில் தாண்டும். அதே எழுத்து 236 நிறப் பொட்டின்மேல் 3.8க்கு இறங்கிவிடும். ஆகவே அளக்கும்போது பின்னணியின் சராசரி நிறத்தை எடுக்காமல், அதிலுள்ள ஆகக் கடும் பொட்டை எடுத்து அளக்கவேண்டும். கொழும்பு காலி வீதியில் பஸ்ஸுக்கு நிற்பவர் மத்தியான வெயிலில் போனைப் பார்க்கும்போது கிடைப்பது இன்னும் குறைவு. எழுத்தை 51க்கு இருட்டாக்குங்கள்.

தெஹிவளை வாசகர்: மெல்லிய மணல் போன்ற நொய்ஸ் பின்னணி செய்தேன். 512 பிக்சல் சதுரம், பி.என்.ஜி பைல் 400 கேபி வருகிறது. வெறும் மணலுக்கு ஏன் இவ்வளவு?

மணல் என்பதால்தான். பி.என்.ஜி திரும்பத் திரும்ப வருவதைத் தேடிச் சுருக்கும். நொய்ஸில் எதுவும் திரும்பி வராது, சுருக்க அதற்கு ஒன்றும் அகப்படாது. எனவே நீங்கள்தான் குறைத்துக் கொடுக்கவேண்டும். சதுரத்தை 256 ஆக்கினால் கால்வாசி. நிற நொய்ஸை ஒற்றைச் சாம்பல் ஆக்கினால் அதிலும் மூன்றிலொன்று. பிறகு 'இமேஜ்' மெனுவில் 'மோட்', 'இண்டெக்ஸ்ட்' போய் 8 நிறத்துக்கு மட்டுப்படுத்துங்கள், டிதரிங் (இல்லாத நிறத்தைப் புள்ளிகளால் காட்டுவது) வேண்டாம். எட்டு நிறத்துக்கு ஒரு பிக்சலுக்கு 3 பிட் போதும். 256 சதுரம் 24 கேபி அளவில் அடங்கும், 128 சதுரம் 6 கேபி. இவ்வளவு நுண்ணிய மணலில் 128 திரும்பி வருவதைக் கண் பிடிக்காது.

ஜேபெக் ஆக்கினால் இன்னும் சிறிதாகுமே என்று தோன்றும். ஜேபெக் படத்தை 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. மெல்லிய நொய்ஸைத்தான் முதலில் தூக்கியெறியும், மிஞ்சுவது கட்டத்தின் கறை. துணி, கடதாசிப் படத்துக்கு ஜேபெக் சரி, ஆனால் அகலமும் உயரமும் 16ஆல் மீதியின்றி வகுபடவேண்டும். வகுபடாத 497 போன்ற அளவை இழப்பில்லாத வெப்பி (WebP) பைலாகச் சேமியுங்கள்.

நொய்ஸுக்கு இன்னொரு நல்ல பயனும் உண்டு. 247இலிருந்து 235க்கு இறங்கும் நிறச்சரிவை 1,200 பிக்சல் உயரத்தில் விரித்தால், நூறு நூறு பிக்சலுக்கு ஒரு பட்டையாகத் தெரியும். மேலே 1 வீத நொய்ஸ் தூவினால் பட்டை கலைந்துவிடும்.

பம்பலப்பிட்டி வாசகி: மெல்லிய கோடு போட்ட பின்னணி என் கணினியில் நன்றாக இருக்கிறது, அலுவலக லப்டொப்பில் அலை அலையாக ஓடுகிறது.

அந்த லப்டொப்பில் விண்டோஸின் திரை அளவு 125 வீதத்தில் இருக்கும். ஒரு பிக்சல் கோடு ஒன்றேகால் பிக்சலாக வேண்டிவரும்போது, சில கோடு தடிக்கும், சில மங்கும். ஓரம் மெதுவாக மங்கும் மூன்று பிக்சல் கோடாக மாற்றுங்கள். ஒழுங்கற்ற மணலுக்கு இந்தத் தொல்லையே வராது.

புறக்கோட்டை வாசகர்: இணையத்தில் கண்ட பத்திக் வடிவத்தை மங்கலாக்கிப் போட்டால் உரிமைப் பிரச்சினை வருமா?

வரும். மங்கலாக்கினாலும் வடிவம் வரைந்தவருடையதுதான். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, அந்த உரிமை பல ஆண்டுகள் நிற்கும். துணியை விலைக்கு வாங்கினாலும் வடிவத்தின் உரிமை உங்களுக்கு வராது. வரைந்தவரிடம் எழுத்தில் அனுமதி பெறுங்கள். அதுவரை பத்திக்கின் மெழுகு வெடிப்புக் கோடுகளை மட்டும் நீங்களே ஒரு வெள்ளைத் துணியில் செய்து, மேலே சொன்ன முறையில் படமாக்கலாம்.